மட்டம் தவறிய லேத்

2024 நவம்பர் 26, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு பத்து, அடைமழை. பூனாகலைக்கு அருகிலுள்ள தேயிலைத் தோட்டத் தொழிற்சாலையில், லேத் என்னும் கடைசல் இயந்திரத்தில் கடைந்த தண்டு மறுபடியும் ஒரு முனையில் பருத்திருந்தது.

"லேத்த மட்டம் வைக்கத் தெரியாதா?" என்று லேத் வேலையாள் றுஷாந்தனை அதட்டினார் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை.

"மூணு தடவ வச்சேங்க தொர. காலையில வச்சா சாயங்காலம் சாஞ்சிருது. தரையே நகருதுங்க. பின்னாலதான் எங்க லயத்து வீடுங்க, நாப்பது குடும்பம். எங்களுக்கு வேற எடம் குடுங்க."

"தெரியாதவன் தரையைக் குத்தம் சொல்லுவான். சரி, கொழும்பு ஹெட் ஆபீசுக்கு எழுதுறேன்."

வெள்ளிக்கிழமை, கொழும்பிலிருந்து கையொப்பமிட்டு வந்த முடிவைத் துரை றுஷாந்தனிடம் நீட்டினார்.

"நிலம் சரிவது உண்மையே. தாமதமின்றிப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றப்பட வேண்டியது: லேத் ஒன்று. அதைச் சுமப்பதற்கு, லயத்திலிருந்து வீட்டுக்கு ஒருவர் வீதம்."