எளிதில் தீப்பற்றும்

"பத்தே முக்காலோட நல்ல நேரம் முடியுதுண்ணா. கதவத் தொற."

கன்னியப்பன் கையில் தட்டு இருந்தது. சந்தனம், குங்குமம், பொரி, கற்பூரம். பின்னால் பாப்பம்மாள் வாளியும் துடைப்பமுமாக நின்றாள்.

ஸ்டோர் கீப்பர் பாண்டுரங்கன், பெயிண்ட்டில் கலக்கும் தின்னர் வைத்திருந்த ரூமின் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

"கற்பூரம் இந்தப் பக்கம் வரக் கூடாது."

"ஆயுத பூஜைண்ணா."

"தெரியும். உள்ள நாலு ட்ரம் தின்னர் கீது. அது உனக்குத் தெரியுமா?"

மண்ணூர் தாண்டி, வயல்களுக்கு நடுவே இருந்தது அந்த இரும்பு நாற்காலித் தொழிற்சாலை. 1991 அதற்கு நல்ல வருடமாக இல்லை. ஆர்டர் இல்லாமல் பெயிண்ட் லைன் மூன்று மாதமாக நின்றுகிடந்தது. தீபாவளி கழித்து ஓட்டலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

"எல்லாத்துக்கும் பொட்டு வெச்சாச்சு. லேத்து, கம்ப்ரஸர், உன் தராசுக்குக்கூட. பெயிண்ட் லைனுக்கு உயிரே இந்தத் தின்னர்தான். இத வுட்டுட்டா லைன் எப்டி ஓடும்?"

"நீ கொளுத்துனா லைன் ஓடாது, நீதான் ஓடுவ. டேய், எரியறது தின்னர் இல்ல. அதோட ஆவி. கண்ணுக்குத் தெரியாது. காத்தவிட கனம். மேல போவாம தரையோட ஊர்ந்து வரும். நீ வாசல்ல நின்னு ஏத்துனாலும் வந்து புடிச்சு உள்ள இஸ்துகினு போவும்."

"போன வருஷம் நீதானே ஏத்துன?"

"போன வருஷம் எனக்கு அறிவு இல்ல. இப்ப கீது."

"நெருப்பே வாணாம்பா," என்றாள் பாப்பம்மாள். "நான் போய் ட்ரம்ம நகத்தித் தொடச்சு, பொட்ட வெச்சுட்டு வந்துடறேன். ஒரு விரக்கட தூசி கீது."

"அது இன்னா வாளி?"

"இரும்பு வாளி."

"சிமெண்டுல உரசுனா பொறி பறக்கும்."

அவள் முணுமுணுத்துக்கொண்டே போய்ப் பிளாஸ்டிக் வாளியுடன் வந்தாள். பாண்டுரங்கன் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"அது இன்னா புடவை?"

"நைலக்ஸு. பூஜைக்குன்னு கட்டனது."

"நடக்க நடக்க உரசும். அதுலயும் பொறி வரும்."

"அறுவது வயசுல என் புடவைல பொறி வர்தாம். என் வூட்டுக்காரரு இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு."

கன்னியப்பன் சிரித்தான். பாண்டுரங்கன் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு எல்லாமே விளையாட்டு. இந்த ரூமுக்கு நான்தான் பொறுப்பு. ஒண்ணு ஆச்சுன்னா என் வேல போவும். அம்பத்து மூணு வயசுல எவன் எனக்கு வேல குடுப்பான்? நீ குடுப்பியா?"

"இன்னும் முடியலியா உங்க பஞ்சாயத்து?"

முதலாளி தசரதன் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார். கன்னியப்பனும் பாண்டுரங்கனும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கையை உயர்த்தி நிறுத்திவிட்டு, ஒவ்வொருவராகக் கேட்டார்.

"பாண்டுரங்கன் சொல்றது சரி," என்றார். "பத்து வருஷத்துல இப்பத்தான் ஒரு ஆள் இந்த ரூமுக்குப் பயப்படறாரு. கற்பூரம் வேணாம்."

கன்னியப்பன் முகம் தொங்கிப் போயிற்று. பாண்டுரங்கன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஆனா உங்களுக்கெல்லாம் சொன்னா ஏறாது. கண்ணால பாக்கணும். கன்னியப்பா, உள்ள போய் ஒரு டம்ளர் தின்னர் எடுத்துட்டு வா. அந்தப் பொட்டல்ல வெச்சுக் கொளுத்திக் காட்டறேன். அப்புறம் ஒருத்தனும் இந்தப் பக்கம் பீடியோட வர மாட்டான்."

"இப்ப வாணாம் சார்," என்றார் பாண்டுரங்கன். "நல்ல நேரம் முடிஞ்சுடும்."

"முடியட்டும். சாவியக் குடுங்க."

இடுப்பிலிருந்த சாவியை எடுக்க அவருக்கு நேரம் பிடித்தது.

கன்னியப்பன் எதிலும் குறை வைக்கவில்லை. தீப்பெட்டியைப் பாப்பம்மாளிடம் கொடுத்தான். ஆணி அடித்த செருப்பைக் கழற்றினான். துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனான். பிளாஸ்டிக் மக்கை இரண்டு கைகளாலும் பிடித்தபடி, அடிமேல் அடி வைத்துத் திரும்பி வந்தான். மூச்சையும் பிடித்திருந்தான் போல, கண்கள் பிதுங்கியிருந்தன.

பொட்டலின் நடுவே ஒரு மண்சட்டி. அதில் ஊற்றிவிட்டு ஓடி வந்தான். பூஜைக்குக் கூடியிருந்த முப்பது பேரும் சுவர் வரை பின்வாங்கினார்கள். தசரதன் நீளமான மூங்கிலின் நுனியில் துணியைச் சுற்றி நெருப்பு வைத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினார். பாப்பம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள்.

உஸ் என்றது. அவ்வளவுதான்.

துணியை மாற்றி மறுபடி கொளுத்தினார். மறுபடி உஸ் என்றது.

தசரதன் மூங்கிலைக் கீழே போட்டுவிட்டுச் சட்டியிடம் நடந்தார்.

"கிட்ட போவாதீங்க சார்," என்றான் கன்னியப்பன்.

அவர் குந்தி உட்கார்ந்தார். விரலை விட்டு முகர்ந்து பார்த்தார். சற்று யோசித்து, நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, எல்லோரையும் தாண்டி, இன்னும் அந்தக் கதவருகிலேயே நின்றிருந்தவரைப் பார்த்தார்.

"பாண்டுரங்கா, எந்தக் கெணத்துத் தண்ணிய்யா இது?"