கோணி கட்டிய குழாய்

ரிப்பேர் பார்க்க வந்த ஜஹாங்கீர் கயிற்றை அறுத்து, தெருக்குழாயைச் சுற்றியிருந்த கோணியை உருவிப் போட்டார். குழாயைத் திருகினார். தண்ணீர் சோவென்று கொட்டியது.

குணசுந்தரிக்கு முகம் சுண்டிப்போயிற்று. மூன்று நாள் குழாய் ஆபீஸுக்கு நடந்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டு, அவரைக் கையோடு கூட்டி வந்தவள் அவள்தான்.

"நல்லாத்தானே கீது? இதுல இன்னா ரிப்பேரு?" என்றார் ஜஹாங்கீர்.

ராயபுரத்தின் அந்த மீனவத் தெருவில் வாய்க்குப் பஞ்சமே கிடையாது. அன்றைக்கு எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எல்லோர் இடுப்பிலும் காலிக் குடம்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் குணசுந்தரியின் பிள்ளை பிறந்த பதினோராம் நாள் போய்விட்டது. அதன்பிறகு அவள் சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். சோறும் வேண்டியிருக்கவில்லை, விடிவதும் வேண்டியிருக்கவில்லை. புருஷன் சுப்புராயன் கை ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். மருந்தெல்லாம் இருக்கட்டும், முதலில் அவளைப் படுக்கவிடாதே, தினமும் நடக்க வை என்றார் டாக்டர். அது அவள் காதிலும் விழுந்தது. வீட்டுக்கு வந்து மறுபடி படுத்துக்கொண்டாள்.

மறுநாள் குழாய் கெட்டுப்போயிற்று என்று தெருவில் கோணி கட்டிவிட்டார்கள்.

ரயில்வே கேட்டைத் தாண்டி அடுத்த குழாய், அரை மைல். சுப்புராயன் விடியுமுன் கட்டுமரம் ஏறிவிடுவான். வேறு வழி?

முதல் நாள் பாதி வழியில் குடத்தை வைத்துவிட்டு அழுதாள். பிறகு அழுதுகொண்டே நடந்தாள். பிறகு சும்மா நடந்தாள். நாற்பதாம் நாளோ என்னவோ, வரிசையில் முந்திய ஒருத்தியைக் கிழிகிழியென்று கிழித்தாள். அன்று சாயங்காலம் சுப்புராயன் தெருவுக்கே அல்வா வாங்கிக் கொடுத்தான். என்ன விசேஷமென்று அவளிடம் மட்டும் சொல்லவில்லை.

இத்தனை சீக்கிரம் அவள் ஆபீஸ் வரை போய்ச் சண்டை போடுவாள் என்று தெருவில் யாரும் நினைக்கவில்லை. அதுதான் தப்பாகிவிட்டது.

குணசுந்தரி பச்சையம்மாவைப் பார்த்தாள். பச்சையம்மாவின் வாசலுக்கு நேர் எதிரில்தான் குழாய். ஆறு பிள்ளைகள். வாதத்தில் ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பாள். நான்கு மாதமாக, நாளுக்கு மூன்று நடை, அவளும் கூடவே வந்தாள்.

குணசுந்தரி பச்சையம்மாவின் குடத்தைப் பிடுங்கி, நிரப்பி, அவள் வாசலில் வைத்தாள்.

"நீ இங்கியே புடிச்சிக்க, யக்கா. எனுக்கு நடந்தாத்தான் ஆவும்."

தன் காலிக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ரயில்வே கேட்டுப் பக்கம் திரும்பினாள். ஜஹாங்கீர் கோணியை மடித்துச் சைக்கிளில் வைத்துக்கொண்டார்.

பத்தடி போவதற்குள், பின்னால் கால் இழுக்கும் சத்தம் கேட்டது.