லண்டனுக்குப் பறந்த ஈ

சென்னையிலிருந்து லண்டன் போகும் விமானத்துக்குள் ஒரு ஈ நுழைந்தது. லண்டனில் அதன் அக்காவுக்குக் குழந்தைகள் பிறந்திருந்தன. அவற்றுக்கு இறக்கை முளைப்பதற்குள் பார்த்துவிட வேண்டுமென்று அதற்கு ஒரே அவசரம். விமானம் கிளம்பியதிலிருந்து அது உட்காரவே இல்லை.

"ஏம்மா, எங்கேயாவது உட்காரேன்," என்றது சாப்பாட்டு வண்டிக்கு அடியில் குடியிருந்த கரப்பான்.

"நல்லா சொன்னீங்கண்ணே! எட்டாயிரம் கிலோமீட்டர். நான் உட்கார்ந்தா யாரு பறக்கிறது?"

"அதான் விமானம் பறக்குதே."

"அது அதோட வேலை. என் வேலையை நான் பார்க்கணும்ல?"

பதினோரு மணி நேரம் பறந்தது. லண்டனில் கதவு திறந்தபோது இறக்கைகள் இற்றுப்போயிருந்தன. ஒரு நிமிஷம் கண்ணயரலாம் என்று ஜன்னலோரம் சாய்ந்தது. விழித்தபோது ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"லண்டன்தானே அண்ணே?"

"சென்னைம்மா. போயிட்டுத் திரும்பியும் வந்தாச்சு."

ஈ அழவில்லை, கணக்குப் போட்டது. "போக பதினோரு மணி நேரம், வர ஒரே நிமிஷம். பறந்ததாலதான் இவ்வளவு லேட்டு. இனிமே தூங்கியே போயிடறேன்."

சொன்ன கையோடு தூங்கியும்விட்டது. அப்படியொரு நிம்மதியான தூக்கத்தைக் கலைக்கக் கரப்பானுக்கு மனசு வரவில்லை. விமானம் அன்று கோலாலம்பூருக்குக் கிளம்பியது.