கோடு கோடாய்த் துரு

சமையலறை ஜன்னல் விளிம்பில் நான்கு போல்ட்டுகள் நின்றன. மூன்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்காவது துருப்பிடித்திருந்தது.

அது மச்சான் கடையிலிருந்து வந்தது.

தச்சர் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடலுக்குள் நீளப்போகும் மரப்பாலத்துக்கு எந்த போல்ட் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தச் சோதனை. தினமும் ஒரு கரண்டி கடல்நீர் ஊற்றி, வெயிலில் காயவிட்டு வந்தார்.

மரத்துக்குள் போன போல்ட் கண்ணுக்குத் தெரியாது. வெளியே தலை நன்றாக இருக்கும்; உள்ளே இடுப்பு இற்றுக்கொண்டிருக்கும். ஒருநாள் மேலே நிற்பவர்களோடு சேர்ந்து முறியும்.

நான்குமே துருப்பிடிக்காத எஃகு என்று விற்கப்பட்டவை. அந்த எஃகுக்கு உரியபடி நான்கிலும் காந்தம் ஒட்டவில்லை. நான்கின் தலையிலும் முத்திரை இருந்தது. முத்திரையை யார் வேண்டுமானாலும் குத்தலாம்.

மச்சான் எதிரே உட்கார்ந்திருந்தான். மனைவியின் ஒரே தம்பி. புதுக்கடை, முதல் பெரிய வியாபாரம் இதுதான்; பாலத்துக்கான போல்ட் பெட்டியை முன்கூட்டியே வாசலில் இறக்கியும் வைத்திருந்தான். போலிச் சரக்கு என்று தச்சர் ஒரு வார்த்தை சொன்னால் ஊரில் வேறெந்தத் தச்சரும் அவன் கடைப்படி ஏறமாட்டார்.

"திட்டறதுன்னா திட்டிடுங்க மாமா. இப்படி மென்னு முழுங்காதீங்க."

தச்சர் போல்ட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். அவரைக் குடைந்தது கோபம் அல்ல.

மட்டமான எஃகில் துரு அம்மை போட்டதுபோலப் புள்ளி புள்ளியாக வரும். இது கோடு கோடாக இருந்தது. வாரிவிட்ட தலைமுடி மாதிரி எல்லாக் கோடும் ஒரே பக்கம் ஓடியது.

நகத்தால் சுரண்டினார். பழுப்புப் பொடி உதிர்ந்தது. அடியில் உலோகம் வெள்ளையாக, நோய்நொடியில்லாமல் இருந்தது.

அப்படியானால் துரு உள்ளிருந்து வரவில்லை. வேறு இரும்பு எங்கிருந்தோ வந்து ஒட்டித் துருப்பிடித்திருக்கிறது.

எங்கிருந்து? ஒரே ஜன்னல், ஒரே தண்ணீர், ஒரே கரண்டி. பின்னால், பாத்திரத் தொட்டியில் மனைவி திறந்திருந்த குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு அது நின்றது.

"மத்த மூணும் பளபளன்னு நின்னுச்சு," என்றாள் மனைவி, திரும்பாமலே. "என் தம்பி கொடுத்தது மட்டும் அழுது வடிஞ்சுச்சு. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? முதல் நாளே ஒரு தேய் தேய்ச்சு வச்சேன்."

அவள் கையில், பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார். விரலிடுக்கில் பழுப்புத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

தச்சரின் முகம் தெளிந்தது. மச்சானின் முகம் தெளிவதுபோல வந்து, பாதியில் நின்றுவிட்டது.

"அக்கா, வாசல்ல இறக்கின பெட்டியிலயும் கை வச்சியா?"

அவள் நாரைப் பிழிந்து வைத்தாள்.

"பாதிதான்டா."