மீதிச் சொல்

பல்கலைக்கழகமும் ஒரு தொண்டு நிறுவனமும் சேர்ந்து கொடுத்த மருத்துவப் பெட்டி, நான்கு வருடமாக அந்த மலைக்கிராமத்துச் சுகாதார நிலையத்தில் இருக்கிறது. கை வைத்தால் உடம்பில் இருப்பதைச் சொல்லிவிடும்; பக்கத்தில் பேசுவதையும் கேட்டுக்கொண்டிருக்கும். வெள்ளிங்கிரி கை வைத்தபோது பச்சை விளக்குதான் எரிந்தது. மனைவியைப் புதைத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எழுந்து வாசலைத் தாண்டினார். அதற்குப் பிறகுதான் பெட்டியில் சிவப்பு எரிந்தது.

செவிலி மருதி நகரத்து டாக்டரைப் போனில் பிடித்தாள்.

"பெட்டி எனக்கு அனுப்புனதுல எல்லாம் சரியா இருக்கேம்மா. பெட்டியிலதான் கோளாறு போல. கெளம்பும்போது ஏதாச்சும் சொன்னாரா?"

"'போறேன் மருதி'ன்னாருங்க சார்."

"அவ்வளவுதானா?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. இத்தனை வருடமாக அந்த வாசலில் பெட்டி கேட்டதெல்லாம் 'போயிட்டு வரேன்' மட்டும்தான். அந்த வித்தியாசத்தை யாரும் அதற்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

போனை வைத்துவிட்டு அவர் போன பக்கம் ஓடினாள். ஊருக்கு மேலே செங்குத்தாக நின்ற உச்சிப்பாறைக்கு ஏறும் தடத்தில் அவரை மறித்தாள்.

"பாதிய மட்டும் சொல்லிட்டு வந்துட்டீங்கண்ணா," என்றாள், மூச்சு வாங்க. "மீதியையும் சொல்லுங்க."

வெள்ளிங்கிரி பாறையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "வரேன்" என்று அவளோடு திரும்பி நடந்தார்.