பொம்மு கண்ணை மூடிக்கொள்ளும்

சளக், சளக்கென்று தண்ணீர் சத்தம். நடுவே அம்மாவின் முனகல்.

அவள் கணவரின் மொபைலில் அவ்வளவுதான் வந்தது. படம் கும்மிருட்டு.

"இன்னிக்கும் மறைச்சிட்டா. நாலு நாளா இதே கூத்து" என்றார் அவர். "உன் தம்பி பொண்டாட்டி என்னமோ பண்றா. நான் அப்பவே சொன்னேன்."

படுத்த படுக்கையான அம்மாவுக்குத் துணையாகப் பொம்முவை வாங்கிக் கொடுத்ததே மகளான அவள்தான். குண்டுக் கன்னமும் உருட்டு விழியுமாகப் பேச்சுக் கொடுக்கும் ரோபோ. இருந்த இடத்திலிருந்தே மொபைலில் அம்மாவையும் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த தெருதான். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பின்னாலேயே கணவரும்.

தம்பி கதவைத் திறந்தான்.

"எங்கடா உன் மகராசி?"

"அம்மாவைக் குளிப்பாட்டிட்டிருக்கா. மெதுவாப் பேசுக்கா."

"ஏன், குட்டு வெளிப்பட்டுடுமா? பொம்மு கண்ணு சும்மா அழகுக்கு, கேமரா நெஞ்சுப் பொத்தான்ல இருக்குன்னு உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்? அன்னிக்கே போய் ஓதிட்டியாக்கும்! கண்ணை விட்டுட்டு, கரெக்டா நெஞ்சுல துணியைப் போடறா. உள்ளே அடிக்கிறாளோ, கிள்றாளோ!"

தம்பி உள்ளறைக் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"போன வாரத்துப் படத்தைப் பாரு. முதுகெல்லாம் எப்படிச் சிவந்து கிடக்கு!" கணவரிடமிருந்து மொபைலைப் பிடுங்கி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அவன் சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டான்.

"இப்படி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா ஆச்சா? நல்லவேளை, தினமும் இவர் உட்கார்ந்து பார்த்தார். இல்லேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

கணவர் பெருமையாகத் தொண்டையைச் செருமினார்.

சாத்தியிருந்த கதவுக்குப் பின்னால் தண்ணீர் சத்தம் நின்றது.

"மாப்பிள்ளை குரலாட்டம் இருக்கே... தாழ்ப்பாள் போட்டியாம்மா? உடம்புல பொட்டுத் துணி இல்லே எனக்கு."

"போட்டிருக்கேன் அத்தை."

"பொம்மு?"

"நீங்க சொன்னதுமே கண்ணை மூடிக்கிச்சு. இதோ பாருங்க."

"ஆமா... பெத்ததுங்க வாங்கி வச்ச பொம்மைதான். அதுக்காவது என் வெக்கம் தெரியுதே."

நீட்டிய கை தானாகக் கீழே இறங்கியது. அவள் மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள்.

அவர் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

உள்ளே மறுபடியும் சளக், சளக்கென்று தண்ணீர் சத்தம்.