பழைய வழக்குக் கட்டு

"என்னை எதிர்த்து நீங்க ஆஜராகக் கூடாது."

"ஏன் கூடாது? அந்த விவாகரத்து கேஸ் முடிஞ்சு பத்து..."

"பத்து வருஷமானா என்ன, நான் உங்க கட்சிக்காரிதானே. என் ரகசியமெல்லாம் இதே நாற்காலியில அழுது கொட்டியிருக்கேன். இப்ப என் புருஷன் பக்கம் நின்னு, அதை வச்சே என்னை மடக்குவீங்களா?"

வக்கீலுக்குச் சுருக்கென்றது. கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"அந்த ஆளுக்கு வேற வக்கீல் மேல நம்பிக்கை இல்லை. அது கிடக்கட்டும், உன் மனுவை யார் எழுதறா?"

"நீங்கதான். அப்பவே எழுதிட்டீங்களே."

பழைய கட்டைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள்.

"'மனைவியிடம் பேசுவதே இல்லை; பேசினாலும் குற்றவாளியை விசாரிப்பது போலத்தான்.' எவ்வளவு அழகா எழுதியிருக்கீங்க. ஒரு வரி மாத்த வேண்டாம். முதல் புருஷன் பேரை அடிச்சுட்டு, உங்க பேரை எழுதினா போதும்."